வெர்னன் எழுந்து நின்ற பூங்கா

பிராங்ஸ், நியூயார்க்

அன்புள்ள அப்பா,

முதலில் உங்கள் ஆசி வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளிந்ததா? நான் நலம்.

நான் பார்த்துக்கொள்ளும் வெர்னன் பெரியவர், பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறன்று அவரைச் சக்கர நாற்காலியில், பேஸ்பால் ஸ்டேடியத்தை இடித்து உண்டாக்கிய பூங்காவுக்கு அழைத்துப் போனேன். இளமையில் அவர் உட்கார்ந்து கத்திய காலரி இருந்த இடத்தில் இப்போது வானம்தான் இருக்கிறது. புல்வெளியில் நம் டொமினிக்கன் நாட்டு ஆட்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை ஓங்கி அடித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியவர் எழுந்து நின்றார், அப்பா.

"போயிடுச்சு, வெளியே போயிடுச்சு" என்று கத்தினார்.

அடித்தவன் ஓட மறந்து அவரையே பார்த்தான். "பெரிசே சொல்லிட்டாரு, ஓடுடா சோம்பேறி" என்று கூட்டாளி விரட்டினான். நாற்காலி உருண்டு என் கால்மேல் ஏறியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

யாராவது வந்தால் காப்பித்தூள் கொடுத்தனுப்புங்கள். ரேடியோவில் ஆட்டம் கேட்கும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பேசக்கூட வேண்டாம், நீங்கள் அம்பயரைத் திட்டுவது கேட்டால் போதும்.

அவசரமாக முடிக்கிறேன். பெரியவர் உள்ளேயிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இதுதான் முதல்முறை.

உங்கள் மகள்
யோகாஸ்தா