அப்பாவின் பரவாயில்லை

அன்புள்ள அம்மா,

நீ நலம்தானே? அனுப்பிய ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் நீளம். அது வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் குளிர் அதிகம் என்றாயே, உடம்பைப் பார்த்துக்கொள்.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போன் கூடத்தில் இருக்கிறது. அப்பாவும் எப்போதும் கூடத்திலேயே இருக்கிறார்.

சுகாதார நிலையத்து மாடியில் மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் அக்காவிடம் அப்பா போய்வருவது உனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் மூச்சுப் பயிற்சியும் தூக்கத்துக்கான யோசனைகளும்தான் நடந்தன. அப்பா ஓட்டிய பஸ்ஸின் விபத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு அது நெருடலாகவே இருந்தது. இப்படிப்பட்ட அதிர்ச்சிக்கு, நடந்ததை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். பிறகு ஏன் அதைச் செய்யவில்லை?

போன வாரம் அக்கா என்னையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல். கீழே மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களின் பேச்செல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது. எனக்கு ஸ்டூல். தூக்கம் எப்படி என்று அக்கா கேட்டார். பரவாயில்லை என்றார் அப்பா. சாப்பாடு? பரவாயில்லை. சத்தம் கேட்டால் திடுக்கிடுவது? அதுவும் பரவாயில்லை. தேறிவருகிறார் என்று அக்காவின் முகம் மலர்ந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுல பரவாயில்லைன்னா, என்னை விட்டுடுங்கன்னு அர்த்தம்க்கா. குக்கர் வெடிச்சாக்கூட அப்பா அதைத்தான் சொல்வாரு."

அக்கா சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். ஆனால் அக்கா சட்டென்று நிறுத்தி, வீட்டில் குக்கர் வைக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. உனக்கும் இதுவரை சொல்லவில்லை. விசில் வந்தால் அப்பாவின் வலது கால் பிரேக்கை மிதிப்பது போலத் தரையை அழுத்துகிறது. விபத்தில் போய்விட்ட கண்டக்டர் மாமாவின் விசில்தான் அவர் காதில் கேட்கிறது போல. அதனால் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். சோற்றை வடித்துத்தான் சாப்பிடுகிறோம். குழைந்தால் அப்பா என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும்.

அக்கா கேள்வியை மாற்றினார். நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்டார். படுக்கவில்லை, கதவுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்றார் அப்பா.

நடந்ததைச் சொல்லவைக்கும் அந்தச் சிகிச்சைக்கு அக்கா பயிற்சி பெற்றவர்தானாம். ஆனாலும், சொல்லவைத்தால் ஆள் உடைந்துபோவாரோ என்று தயங்கி, லேசானதையே தேர்ந்தெடுத்தாராம். "நீங்க பரவாயில்லைன்னு சொன்னது எனக்கும் வசதியா இருந்துச்சு. பயந்தது நீங்க மட்டும் இல்ல" என்றார்.

பிறகு இரண்டு வழிகளை விளக்கினார். ஒன்று, அந்த நாளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்வது. இன்னொன்று, 'என்னால்தான் அவன் போனான்' என்ற எண்ணத்தை எடுத்து வைத்து, அது நிஜம்தானா என்று இருவருமாக விசாரிப்பது. இரண்டுமே பலன் தருபவைதான், எதை உங்களால் பாதியில் விடாமல் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி என்றார். புத்தகத்தில் படித்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

"முதல் ஸ்டாப்லேருந்து சொல்லணும்னா சொல்லிடுவேன்மா. ரூட் தெரியும்" என்றார்.

அம்மா, விபத்துக்குப் பிறகு அப்பா பஸ்ஸைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வருகிற புதன்கிழமை தொடங்குகிறது. ஆரம்பத்தில் கெட்ட கனவுகள் கூடலாம், கோபம் வரலாம், அதற்காக நிறுத்திவிடக் கூடாது, அந்தச் சமயத்தில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் நல்லது என்றார் அக்கா. நான் இருக்கிறேன் என்றேன். அக்கா என் மடியில் இருந்த பள்ளிக்கூடப் பையைப் பார்த்தார்.

உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் போனில் பேசும்போது, எப்படி இருக்கீங்க என்று மட்டும் கேட்காதே. எங்கே படுத்தீங்க என்று கேள்.

என்னைப் பற்றியும் கேட்டிருந்தாய். நான் பரவாயில்லை, அம்மா.

உன் அன்பு மகள்,
புத்தகப்பூச்சி