கெட்டில் கொதித்த நேரம்

செயின்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 18

அன்புள்ள கீலி,

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவளை விரட்டுகிறேன், பொறுத்துக்கொள். உன் அம்மா செய்யும் மீன் கேக்கை எனக்கும் சேர்த்துச் சாப்பிடு.

நீ தனியாகப் போய் எடுத்த மிசஸ் கீஹோ பேட்டியை, நம் கட்டுரையில் நீ எழுதிய பாதியில் படித்தேன். படகோடு அவர் கணவர் கடலில் மூழ்கிப்போனதை நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் புயல் என்று தெரிந்தும் படகை அனுப்பிய முதலாளியைப் பற்றி, "காலம் ஆற்றிவிட்டது, மன்னித்துவிட்டேன்" என்று அவர் எந்த இடத்தில் சொன்னார்? பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'அவரை மன்னித்துவிட்டீர்களா?' என்ற உன் கேள்வி இருக்கிறது. பிறகு நாற்காலி நகரும் சத்தம், கெட்டில் கொதிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

உட்கார முடியவில்லை. உடனே எழுது.

உன்
மார்னி

கேண்டர்
பிப்ரவரி 19

மார்னி,

பதிவை ஏஐயிடம் கொடுத்துத்தான் எழுத வைத்தேன். பேராசிரியரே அனுமதித்தாரே! பதிவோடு ஒப்பிடச் சொன்னார், எதற்குப் பயன்படுத்தினோம் என்று கடைசியில் எழுதச் சொன்னார். இரண்டையும் செய்யவில்லை, நேரமில்லை. அந்த வரியால் மிசஸ் கீஹோவுக்கு நல்ல பெயர்தானே? இந்த மதிப்பெண் போனால் என் உதவித்தொகையும் போகும். கிளறாதே.

பேட்டி கொடுத்தவருக்கு முதலில் காட்ட வேண்டும் என்பது வழக்கம், அதனால் பிரதியை அவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் சரி என்றால் உனக்கென்ன?

கீலி

செயின்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 22

அன்புள்ள கீலி,

பிரதியில் இருந்த என் எண்ணுக்கு மிசஸ் கீஹோ அழைத்தார். "நான் இப்படியா சொன்னேன், கண்ணு?" என்றார். அவரே, "சொல்லியிருப்பேன். வயசாச்சுல்ல, மறந்திருக்கும். படிச்ச பொண்ணுங்க நீங்க, இல்லாததையா எழுதப்போறீங்க?" என்றார்.

சரி என்றுவிட்டார், கீலி. தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுகிறார்.

கோட்டு மாட்டியாயிற்று. பதிவோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். வேண்டுமானால் கோபித்துக்கொள்.

மார்னி

செயின்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 23

அன்புள்ள கீலி,

பதிவில் அந்த இடம் வந்ததும் மிசஸ் கீஹோ கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கெட்டில் கொதிக்கத் தொடங்கியதும் சிரித்துவிட்டார்.

"அடப் பாவிங்களா! அந்த ஆளை நான் எங்கடி மன்னிச்சேன்? செத்தாலும் மாட்டேன்!"

"அதையே எழுதட்டுமா?"

"வேணாம். எந்திரிச்சுப் போய்க் கெட்டில் வச்சாள்னு எழுது. இந்த ஊர்ல அது போதும், எல்லாருக்கும் புரியும்."

அப்படியே எழுதினேன். ஏஐயை எதற்குப் பயன்படுத்தினோம், எதைச் சரிபார்க்காமல் விட்டோம் என்பதையும் கடைசியில் எழுதிக் கையெழுத்திட்டேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

உன்மேல் கோபமில்லை. நிம்மதியும் இல்லை.

மார்னி

கேண்டர்
பிப்ரவரி 24

மார்னி,

உதவித்தொகை பற்றி வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. நாளை பஸ்ஸில் வருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் மிசஸ் கீஹோ வீட்டுக்குப் போக வேண்டும். நீ வராதே.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தேநீர் வந்திருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

கீலி