கல்லில் வந்த மரியாதை

நவம்பர், ஞாயிறு.

சபையில் இன்று நினைவுத் தோட்டத்தைத் திறந்தார்கள். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு செடி, அதன் அடியில் பெயர் பொறித்த சின்னக் கல். எங்கள் ஜோயலுக்கு நந்தியாவட்டை. கல்லில் அவன் பெயருக்குக் கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருந்தது. எல்லாக் கல்லிலும் அதே வரிதான்.

அதைப் பார்த்ததும் ஜோயலின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. தோட்ட வேலையைக் கவனித்த டேவிட் அண்ணனிடம் போனார்.

“ஆறு வயசுப் புள்ளைக்கு ‘அடைந்தார்’னு போட்டிருக்கீங்களேண்ணா. அவன் எங்க புள்ள. ‘அடைந்தான்’னு மாத்திக் கொடுங்க.”

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெட்டச் சொல்லிட்டோம் தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க, மாத்திடலாம்” என்றார் அண்ணன், பாவம்.

நான்தான் வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று அவருக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம், அவர் வருவதற்குள், ஜோயல் அவருடைய பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தட்டுவான். “நான் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். வாங்கன்னு சொல்லும்மா.” நான் அடுப்படியிலிருந்தே “வாடா” என்பேன். மறுபடியும் வெளியே போய்த் தட்டுவான்.

இன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, யாரும் பக்கத்தில் இல்லை. “வாங்க” என்று சொல்லிவிட நினைத்துத்தான் குனிந்தேன்.

“வாடா” என்றுதான் வந்தது.