சூடு காட்டி வளைத்த கம்பி

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

மஸ்கட்டிலிருந்து தம்பி பரமானந்தம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பூம்பாறையில் மழை விட்டதா?

இங்கே இப்படி நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கடலோரப் பாலத்துக்கு, துருப்பிடிக்காது என்று இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பி போடுகிறோம். அதை இரும்பு மாதிரி சூடு காட்டி வளைத்துவிட்டார்கள். சோதனையில் பாரம் ஏற்றியதும் வளைவிலேயே முறிந்தது. சில்லு பட்டு என் கையில் லேசான கீறல்தான், பயப்படாதே.

இன்ஜினியர் சண்முகராஜ், நம் திண்டுக்கல்காரர், தலையில் கை வைத்தார்.

"எவன்ணே தீயக் காட்டுனது? வளைவ ஃபேக்டரியிலயே செஞ்சு வாங்கணும். தீப்பிடிச்சா என்னாகும், கான்கிரீட்டுக்குள்ள அம்பது வருசம் கெடந்தா என்னாகும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு என்ன அவசரம்?"

எனக்குத் தெரியாத விஷயமா?

யாராவது வந்தால் கொஞ்சம் பூண்டு கொடுத்து விடு. உன் மகள் ஆக்ஸிலியா கோயிலில் பாடுவதையும் பதிந்து அனுப்பு. சாயங்காலம் ரூமில் பேச்சுச் சத்தமே இல்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உன் மகன் சைமன் வாசல் சன்ஷேடுக்கு இதே கம்பியை வளைத்துக் கட்டி வைத்திருக்கிறான். அதன் கீழேதான் நீ உட்கார்ந்து பூண்டு உரிப்பாய். "சூடு காட்டி வளைக்கலாம், இன்ஜினியரே சொன்னாரு" என்று அவனிடம் சொன்னேனே, எந்த இன்ஜினியரும் அப்படிச் சொல்லவில்லை அக்கா. எனக்கும் தெரியாது, நானாகச் சொன்னது. கான்கிரீட் போட வேண்டாம் என்று வெரசா சொல்லிவிடு.

தம்பி,
பரமானந்தம்