ஆறு எண்கள் மட்டும்

மாமா,

சற்று முன் என் செல்பேசிக்கு ஓர் ஓடிபி வந்தது. உள்ளறையில் கணினி முன்னால் இருந்த சின்னவள், "அப்பா, நம்பர் வந்திருச்சா?" என்று கத்தினாள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறாள். ஆறு எண்களையும் வாசித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

காரைக்குடியில் நீ இன்டர்நெட் சென்டர் நடத்திய இடத்தில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள். நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. சவூதியிலிருந்து திரும்பி வந்து கடை போட்ட நாளிலிருந்தே வாசலில் ஓர் இரும்பு பெஞ்சு போட்டிருந்தாய். விண்ணப்பம் போட வரும் பிள்ளைகள் உள்ளே, பெற்றோர் பெஞ்சில். "சர்டிபிகேட்டத் தேடித் தர்றது உங்க வேல. காலேஜத் தேடுறது அவுக வேல. ஓடிபி வந்தா மட்டும் சத்தமாச் சொல்லுங்க" என்பாய். கல்லலிலிருந்து வந்த ஓர் அம்மா, "அவனுக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே" என்று கண்ணாடிக் கதவைத் தள்ளினார். "அவன் பேரு அவனுக்குத் தெரியுமுல்ல? நீங்க உக்காருங்கத்தா" என்றாய். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த விதி மற்றவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

பெரியவளின் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதி செய்ய அன்று கடைசி நாள். முதலிடத்தில் மதுரைக் கல்லூரி ஒன்றில் சிவில் போட்டிருந்தாள். மூன்று மணிக்கு நான் தனியாக உன் கடைக்கு வந்தேன். அவளுடைய பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. கையில் நான் எழுதிய பட்டியல், முதலிடத்தில் சென்னை, கம்ப்யூட்டர் சயின்ஸ். ஐந்து மணிக்குள் மாற்றியாக வேண்டும்.

"பாப்பா எங்க?" என்றாய்.

"வீட்ல. நாஞ் சொன்னாக் கேட்டுக்கிருவா. நீ மாத்து மாமா."

"யார் யார்ட்ட விசாரிச்ச?"

பதினொரு கல்லூரிகளில் ஆள் பிடித்துப் பேசியதைப் பெருமையாகச் சொன்னேன்.

"பேப்பர்ல ஒருத்தரப் பத்தி எழுதுனா அவுக தரப்பையும் கேக்கணும்னு ஊரெல்லாம் சொல்லுவியே மாப்ள. இவ தரப்பக் கேட்டியா?"

முப்பது வருட நிருபனான நான், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திறந்து மூடினேன். "அந்தப் பேனாவ இங்குட்டுக் குடு. போனப் போட்டுப் பிள்ளைய வரச் சொல்லு" என்றாய்.

அரியக்குடி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். ஏன் சிவில் என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ரயில்வே கேட்டுல பாலம் கட்டுனாகல்லப்பா. ஸ்கூல் விட்டு தெனம் அங்க நின்னு பாத்துட்டுத்தான் வருவேன். லேட்டா வர்றேன்னு திட்டுனீகளே, அது அதுக்குத்தான்."

திட்டியது நினைவிருந்தது. காரணம் கேட்டதாக நினைவில்லை.

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன் ஓடிபி வந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு மிச்சமிருந்த அதிகாரம் அந்த ஆறு எண்கள்தாம். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், நேரம் கடந்துவிடும். சத்தமாக வாசித்தேன். பேனாவைத் திருப்பித் தந்து, நீ டீ சொன்னாய்.

முதல் செமஸ்டரில் அவளுக்கு இரண்டு அரியர். கல்லூரியில் பேசுகிறேன் என்று நான் கிளம்பியபோது, "வேணாம்ப்பா. நான் போட்ட வரிசை, நானே பாத்துக்கிறேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள். இப்போது கோவைப் பக்கம் ஒரு பாலம் கட்டும் இடத்தில் வேலை. என் பட்டியல்படி சேர்ந்திருந்தால் அந்த இரண்டு அரியருக்கும் நான்தான் பொறுப்பாகியிருப்பேன். அவள் சொன்னதை உன்னிடம் அன்றே சொன்னேன். உனக்கு நன்றி சொன்னேனா என்பது நிச்சயமில்லை. இப்போது சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் மறுபடி கூப்பிடுகிறாள். "அப்பா, இங்குட்டு வந்து ஒரு தடவ பாருங்களேன்."

மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். பேனாவை இந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன், மாமா.