சம்பந்தியம்மாவுடன் அந்தமான்

ஜனவரி 18, ஞாயிறு

வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். மகள் புவனா விட்டுப் போன பழைய சுடிதாரை இன்று கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தலை நுழைந்தது, ஒரு கை நுழைந்தது. அப்புறம் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, திருக்கனூர் பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி எவ்வளவு நேரம் நிற்பது? வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் எடுத்து வந்தார். "இத்த போட்டுக்கினுதான் அந்தமான் போவப் போறியா?" என்றார்.

புடவையிலேயே போகிறேன்.

மாப்பிள்ளை எழிலரசன் அழைத்துப் போகிறார். அவர், புவனா, அவருடைய அம்மா கனகாம்பாள், நான். எங்கள் வீட்டுக்காரர் வரவில்லை. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, கரும்பை விட்டு நகர முடியாது.

மாப்பிள்ளை போனில் சொன்னது: "அப்பா போன இந்த எட்டு வருஷமா அம்மா பாகூரத் தாண்டி எங்கியும் வரமாட்டேன்றாங்க அத்த. நீங்க வந்தா வருவாங்க. நீங்க இருந்தா கொஞ்சம் சிரிப்பாங்க."

ஐந்தாவதோடு நின்றவளுக்கு என்னா உத்தியோகம் பார்! சம்பந்தியைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம். பெருமையாகத்தான் இருக்கிறது.

அவரைச் சிரிக்க வைப்பது லேசு இல்லை. சொந்த மகன் கல்யாணத்திலேயே தாலி கட்டும்போது மேடைப் பக்கம் வராமல், மண்டபத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். புருஷன் இல்லாதவள் முன்னால் நிற்கக் கூடாதாம். யாரும் சொல்லவில்லை, அவராகவே போட்டுக்கொண்ட சட்டம்.

புவனா தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள். "எம்மா, வாய அடக்கிக்க. அவங்க உன் ஓரகத்தி இல்ல, என் மாமியா. இப்பதான் நம்மகிட்ட நல்லா பேசறாங்க."

எனக்குத் தெரியாதா?

ஜனவரி 22, வியாழன்

பிளேன் ஏறியாச்சு. மேகம் பக்கத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை, கரும்புச் சோகை கொளுத்தின புகை மாதிரிதான். சம்பந்தியம்மா ஜன்னலோரம். வழி முழுக்க வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பார்க்கப் பயம், அதனால் பேசிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

போர்ட் பிளேர். காலையில் ஜெயிலைப் பார்த்தோம். அந்தத் தூக்கு மேடைக்கு முன்னால் எனக்கே வாய் வரவில்லை.

சாயங்காலம் கடற்கரை. இளநீர் விற்கிறவர் இந்தியில் என்னமோ சொன்னார். நான் கையை ஆட்டி, "வழுக்கையா வெட்டுய்யா, உன் தலை மாதிரி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. தமிழ் தெரியாத ஊர், யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆட்டோக்காரர் மீசையைச் சொன்னேன், ஓட்டல் முதலாளி தொப்பையைச் சொன்னேன். "போதும் சம்பந்தி, வயிறு வலிக்குது" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு காணி எழுதி வைக்கலாம்.

ஜனவரி 24, சனி

எழுதப் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மா சாப்பிடவும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் பக்கத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

காலையில் கப்பலில் ஹேவ்லாக் தீவுக்கு வந்து, அங்கிருந்து வேகப் படகில் எலிபெண்ட் பீச் போனோம். யானை ஒன்றும் இல்லை. கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்க்கிற இடம். அழைத்துப் போகிறவர் பெயர் பிரிட்டோ. எங்கள் வயதுதான் இருக்கும், கறுப்பாக, உப்பு காய்ந்த முகம். எல்லாரிடமும் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் முட்டி வலி என்று சொல்லி மணலில் உட்கார்ந்துவிட்டேன். வலியெல்லாம் இல்லை, பயம்.

சம்பந்தியம்மா போனார்! புவனாவின் நீள டாப்பும் கால் சட்டையும் போட்டு, மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டை. முதலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். பிறகு பிரிட்டோ அவர் கையைப் பிடித்துக்கொள்ள, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, மிதந்து, தூரம் தூரமாகப் போனார். ரொம்ப நேரம். அப்புறம் கரைப் பக்கம் திரும்பி வந்து தலையைத் தூக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்னைத் தேடி, கையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்னொரு கை பிரிட்டோ கையில்தான் இருந்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன்:

"சம்பந்தி! கையப் புடிச்சிட்டாரு, உட்டுடாதீங்க! நான் போயி மஞ்சக் கயிறு வாங்கியாறேன்!"

எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. திரும்பிப் பார்த்தால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டூர் வந்தவர்கள், இருபது பேர் இருப்பார்கள். ஒருத்தர், "யக்கா, மேளத்துக்கு நாங்க சொல்லிருதோம்" என்றார். மறுபடி சிரிப்பு.

பிரிட்டோ சிரிக்கவில்லை. "அம்மா, நானும் தமிழ்தான்" என்றார். "இங்க படகுக்காரங்க பாதிப் பேரு தமிழ்தான்."

சம்பந்தியம்மா கையை உருவிக்கொண்டார். தானாகவே நடந்து கரைக்கு வந்தார், இரண்டு தரம் தடுக்கி. மிதவைச் சட்டையைக் கழற்றினார். துண்டைப் போர்த்திக்கொண்டு படகில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். திட்டியிருக்கலாம்.

இன்னாத்துக்குடி சொன்ன? அந்த மனுஷி எட்டு வருஷம் கழிச்சி ஒரு நாளு தண்ணியில எறங்குனா. மஞ்சக் கயிறாம். யாருகிட்ட, எதை—

நாலு பேர் சிரிக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.

ஜனவரி 26, திங்கள்

புவனாவும் மாப்பிள்ளையும் ராதாநகர் கடற்கரைக்குப் போனார்கள். தலைவலி என்று சம்பந்தியம்மா அறையிலேயே இருந்தார். நானும் போகவில்லை.

டீ வாங்கிக்கொண்டு போனேன். பேச வேண்டும் என்று போனவள், கதவைத் திறந்ததும், "என்னா சம்பந்தி, இந்த ரூமுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்றேன். வாய் தானாக வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கீழே உட்கார்ந்தேன். "தப்பு பண்ணிட்டேன் சம்பந்தியம்மா. யாருக்கும் புரியாதுன்னு நெனச்சிட்டேன்."

"எனக்குப் புரியுமே" என்றார்.

டீ ஆடை கட்டிப் போயிற்று.

பிறகு அவரே, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கீழ எவ்ளோ மீனு. எல்லாம் கிட்ட வந்து வந்து போவுது. நீங்க எறங்கலியே, உங்ககிட்ட சொல்லலாம்னுதான் தலையத் தூக்குனேன். அப்பதான் அந்த வார்த்தைய சொன்னீங்க. எம் புள்ள முன்னால."

டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கடலைப் பார்க்க இன்று ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை.

ஜனவரி 28, புதன்

மண்ணாடிப்பட்டு. வீடு வந்தாச்சு. வழியில் யாரையும் நான் கேலி செய்யவில்லை. யாரும் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

கரும்பு வெட்ட வந்த பெண்கள், "அந்தமான் கதைய சொல்லுக்கா" என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இளநீர்க்காரர் கதையைச் சொன்னேன், உருண்டு உருண்டு சிரித்தார்கள். "அப்பறம்?" என்றார்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பால் இல்லை.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "இன்னா ஆச்சி உனக்கு? வந்ததுலேர்ந்து என்னைக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற" என்றார். சொன்னேன், எல்லாவற்றையும். அவர் ரொம்ப நேரம் துண்டை மடித்தார், பிரித்தார். "நானா இருந்தா ரெண்டு அறை விட்டுருப்பேன்" என்றார். "உன்னை இல்ல. அந்த மேளக்காரன."

அந்த ஆள் மேல் என்ன தப்பு? எடுத்துக் கொடுத்தது நான்.

பிப்ரவரி 11, புதன்

புவனா போன் செய்தாள். வேலை, சமையல், மழை. மாமியாரைப் பற்றி அவளாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன். "நல்லா இருக்காங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வூட்ட உட்டு வெளியவே வர்றதில்ல. அடுத்த மாசம் ஊட்டி போலாமான்னு அவரு கேட்டாரு. எனக்கு இதெல்லாம் சரிப்படாதுப்பான்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

எனக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. அவர் மறுபடியும் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார். கொண்டுபோய் உட்கார வைத்தது நான்.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் பாகூர் போனேன். வில்லியனூரில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்று இருந்தது.

சம்பந்தியம்மா விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். எழுந்திருக்கவில்லை. நானும் முறத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். வேர்க்கடலைப் பருப்பு உடையாமல் உரிக்க வேண்டும், உடைந்தால் முளைக்காது. அதனால் பேசாமல் இருப்பது இரண்டு பேருக்கும் சௌகரியம். வாயில் பத்து கேலி வந்தது, பத்தையும் விழுங்கினேன். விக்கல் வராத குறை.

மூட்டை பாதி ஆனபோது கேட்டேன். "அந்த மீனெல்லாம் எப்பிடி இருந்துச்சி சம்பந்தியம்மா?"

கை நின்றது. நான் எதையாவது சேர்த்துச் சொல்லப் போகிறேனா என்று பார்த்தார். நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மஞ்சளும் கறுப்புமா, பட்டை பட்டையா" என்றார். "ஒண்ணு நம்ம சுங்குடிப் புடவை இருக்குல்ல, அதுமாதிரி புள்ளி. ஒண்ணு எம் வெரலையே பாத்துக்கினு நின்னுச்சி." சொல்லிக்கொண்டே போனார். கீழே காய்கறித் தோட்டம் மாதிரி பாறை வளர்ந்திருக்கிறதாம், கோஸ் மாதிரி, பாகற்காய் மாதிரி. காதுக்குள் சத்தமே இல்லையாம். நடுவில் இரண்டு தரம் மல்லாட்டையை நழுவவிட்டு, கையாலேயே மீன் திரும்புகிறதைக் காட்டினார். நான் "ம்" மட்டும் போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு "ம்" போட்டதில்லை.

கிளம்பும்போது ஒரு பை பச்சை மல்லாட்டை கொடுத்தார். நான் சொன்ன வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

சம்பந்தியம்மா போன் செய்தார். அவராகவே. "ஊசுட்டேரியில படகு வுடறாங்களாமே. ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" என்றார். வருகிறேன் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஊசுட்டேரி போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். காலால் மிதிக்கிற படகு எடுத்தோம். எனக்குப் பயம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "தெரியும், முட்டி வலி" என்றார்.

அவர் முன்பக்கமாக மிதித்தார். நான் பின்பக்கமாக மிதித்திருக்கிறேன். படகு ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு கோரைக்குள் போய் நின்றுவிட்டது. விசில் ஊதிக்கொண்டு ஓர் ஆள் மோட்டார் படகில் வந்தார். கரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெடல் ஒடஞ்சிடுச்சாம்மா?" என்றார் அந்த ஆள்.

"பெடல் நல்லாதான்பா இருக்கு" என்றார் சம்பந்தியம்மா, கரை வரைக்கும் கேட்கும்படி. "எங்க சம்பந்திக்கு வாய் ஓடற அளவுக்குக் காலு ஓடாது."

கரையில் சிரித்தார்கள். வாயில் வந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

அந்த ஆள் கயிறு கட்டி இழுத்தார். இழுத்த வேகத்தில் என் இடது கால் செருப்பு ஏரியில் விழுந்துவிட்டது. வலது கால் செருப்போடு வில்லியனூர் வந்து, திருக்கனூர் பஸ் பிடித்தேன். உட்கார இடம் கிடைத்தது.