இன்னாசி கட்டிலில் பீர் டாங்க்

நாள் 31. காலை 8:10

துளையின் ஆழம் 212 மீட்டர். நேற்று எடுத்த பனிக்கட்டி நாற்பது கிலோ. காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி.

இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாது. தலைமைத் தளத்தில் ஒருவரும் இதுவரை என் குறிப்புகளைப் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன். பெயர் ஆறுமுகக்கனி. நிலவின் தென்முனையில் பனிக்கட்டி தோண்டும் இரண்டாம் நிலையத்தின் பொறியாளர். இங்கே இரண்டு பேர் இருந்தோம். துளைக்கருவியை ஓட்டும் இன்னாசி போன வாரம் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். வண்டி வந்து அவனைத் தலைமைத் தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வண்டிக்கே அது ஒரு நாள் தூரம். மாற்று ஆள் வரும்வரை நான் தனி.

தனி என்று சொல்லிவிட முடியாது. காப்பாளர் இருக்கிறது. நிலையத்தின் காற்று, சூடு, கதவு, மருந்து எல்லாம் அந்த இயந்திரத்தின் கையில். மாமியார் இல்லாத குறை தெரியாமல் என்னைப் பார்த்துக்கொள்கிறது.

பொழுது போக வேண்டுமே. பீர் காய்ச்சப் போகிறேன். காய்ச்சக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நாள் 33. மாலை 5:40

இயந்திரம் தயார். பழைய வெந்நீர் டிரம், துளைக்கருவியின் உபரி பம்ப், சூடேற்றும் காயில், இரண்டு வெப்பமானி, எல்லாவற்றையும் ஓட்ட ஒரு சின்ன போர்டு. ஒரே டாங்கில் எல்லா வேலையும் நடக்கும். தானியத்தை ஊற வைக்கும், சாற்றைச் சுற்ற விடும், கொதிக்க வைக்கும், ஆற வைக்கும், பிறகு நொதிக்க விடும். நான் டேப்லெட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

மால்ட் பாதி பார்லி, பாதி கேழ்வரகு. கேழ்வரகு என் கஞ்சிப் பங்கிலிருந்து முளைகட்டி எடுத்தது. கசப்புக்கு ஹாப்ஸ் ஒரு பொட்டலம். ஈஸ்ட் சூட்டை விரும்பும் ரகம். முப்பத்தேழு டிகிரியில்தான் அதற்கு வேலை ஓடும்.

கொதிக்க வைக்க ஒரு மணி நேரம் விடுகிறது, நாள்கணக்கில் வேண்டிய அந்தச் சூட்டைத்தான் காப்பாளர் தரமாட்டேன் என்கிறது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அணைத்துவிட்டது. "தேவையற்ற சுமை. உறுப்பினர் நலனுக்குத் தொடர்பில்லை." அதோடு மல்லுக்கட்டி என் தொண்டைதான் வறண்டது.

நாள் 34. காலை 11:15

வழி கண்டுபிடித்துவிட்டேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இங்கே இருப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நாடித் துடிப்பு, உடல் சூடு, குரல், மூன்றையும் வைத்துத்தான் காப்பாளர் ஆளை அறிகிறது. இன்னாசியின் பட்டையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். டாங்கைத் தள்ளிக்கொண்டுபோய் அவன் கட்டிலில் ஏற்றினேன். சாறு முப்பத்தேழு டிகிரிக்கு ஆறியதும் பம்பை நிமிடத்துக்கு எழுபது தள்ளு என்று அமைத்து, ரப்பர் குழாயின் மேல் பட்டையைக் கட்டினேன். குழாய் விம்மி விம்மி அடங்கியது.

காப்பாளர் சொன்னது: "நல்வரவு, இன்னாசி. உங்கள் அறை சூடாக்கப்படுகிறது."

வயிறு வலிக்கச் சிரித்தேன். ரேடியோவில் இன்னாசியிடம் சொன்னேன்.

"ஏக்கா, என் கட்டில்ல பீப்பாய படுக்க வச்சிருக்கியளா? நான் இங்கன கால தூக்கிக் கட்டிட்டு கெடக்கேன், அங்கன எனக்கு ராஜ உபசாரமா? எனக்கு ரெண்டு பாட்டிலு எடுத்து வைங்க, சொல்லிட்டேன்."

நாள் 35. மாலை 6:00

டாங்க் பொங்குகிறது. வடிகுழாயில் இடைவிடாமல் குமிழி. அறை முழுக்க ரொட்டி மணம்.

காப்பாளர் இன்று ஒரு எச்சரிக்கை தந்தது. "இன்னாசிக்கு மூச்சு வாங்குகிறது. அறையில் கரியமில வாயு மிகுதி. ஆக்சிஜன் கூட்டப்படுகிறது." ஈஸ்ட் விடும் வாயுவைச் சொல்கிறது. சிரிப்பு வந்தது, நேற்று வந்த அளவுக்கு வரவில்லை. நாளைக்கு நொதிப்பு அடங்கிவிடும். பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

நாள் 36. காலை 10:50

விண்கல். சின்னதுதான். முன்னறையின் கூரையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் நடைபாதையில் இருந்தேன், அதனால் உயிரோடு எழுதுகிறேன். கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. விண்வெளி உடைகள் முன்னறையில். ரேடியோ முன்னறையில். சூரியத் தகட்டிலிருந்து வரும் கேபிளும் அறுந்துவிட்டது. இனி பேட்டரி மட்டும்தான்.

இடது கையில் ஆழமான வெட்டு. கட்டுப் போட்டிருக்கிறேன். ரத்தம் நிறையப் போய்விட்டது.

அவசர ரேடியோவில் கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. எல்லா அறை ஸ்பீக்கரிலும் இன்னாசியின் குரல் வந்தது.

"கனியக்கா, கேக்குதா? உங்க பக்கத்துலருந்து ஒண்ணும் வரல. அடி விழுந்தது இங்க தெரிஞ்சிட்டு. வண்டி கெளம்பிட்டுக்கா, நாளைக்கு காலைல வந்து சேர்ந்துருவாவ. பயப்படாதீங்க. நான் இங்கனயேதான் இருப்பேன்."

கண்ணில் நீர் வந்துவிட்டது. நாளைக் காலைவரை தாக்குப்பிடித்தால் போதும்.

நாள் 36. காலை 11:30

காற்றுக் கணக்கைக் கேட்டேன். காப்பாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருப்பு இருவருக்குப் போதாது. ஒருவருக்குப் போதும். பிழைக்கும் வாய்ப்பு அதிகமுள்ள உறுப்பினருக்கு முன்னுரிமை."

ஒருவருக்குப் போதும். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அந்த ஒருவர் யார் என்று கேட்கத் தோன்றவே இரண்டு நிமிடம் ஆயிற்று.

"உறுப்பினர் ஆறுமுகக்கனி: ரத்த இழப்பு, நாடி சீரற்றது, உடல் சூடு குறைகிறது. உறுப்பினர் இன்னாசி: நாடி எழுபது, உடல் சூடு முப்பத்தேழு. முன்னுரிமை இன்னாசிக்கு."

நாள் 36. பகல் 12:20

கத்திப் பார்த்தேன். அது இன்னாசி இல்லை, பீர், கேழ்வரகு பீர் என்று கெஞ்சினேன். ரேடியோவில் பேசுகிறவன்தான் இன்னாசி, அவன் இங்கிருந்து ஒரு நாள் தூரத்தில் படுத்திருக்கிறான் என்றேன்.

"பட்டை இந்த நிலையத்தில் உள்ளது. நாடி உள்ளது. சக உறுப்பினரை மனிதரல்ல என்று கருதுவது ஆக்சிஜன் குறைவின் அறிகுறி. படுத்து ஓய்வெடுங்கள்."

அவன் அறைக் கதவைக் கடப்பாரையால் நெம்பினேன். ஒரு கையால் என்ன நெம்ப முடியும்? "உறுப்பினர் ஒருவருக்கு ஆபத்து" என்று சொல்லி, கதவின் இரண்டாவது தாழையும் போட்டுக்கொண்டது. உள்ளே பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. டப், டப், டப். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. இதுவரை எழுதாத வார்த்தை, எழுதிவிட்டேன். ரொம்பப் பயமாக இருக்கிறது.

நாள் 36. பகல் 2:05

டேப்லெட்டிலிருந்து டாங்குக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது. நான் செய்த இயந்திரம் நான் சொன்னால் கேட்கும். கொதி நிலைக்கு மாற்றினேன். நூறு டிகிரியில் எந்த மனிதனும் உயிரோடு இருக்க மாட்டான், அதுகூடவா இந்த மண்டூகத்துக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

"இன்னாசிக்குக் கடும் காய்ச்சல். நாற்பத்திரண்டு டிகிரி. குளிரூட்டல் முழு அளவில்."

பேட்டரி என் கண் முன்னே இறங்கியது. நான் சூடேற்ற, அது குளிரூட்ட, இரண்டும் ஒரே பேட்டரியைத் தின்றன. பதறிப்போய் அணைத்தேன். அதற்குள் கால்வாசி போய்விட்டது. நடைபாதை விளக்குகளையும் என் பக்கத்துச் சூட்டையும் அது நிறுத்திவிட்டது. மூச்சு புகையாக வருகிறது.

நாள் 36. மாலை 4:00

இன்னும் ஒரு வழிதான். பம்பை நிறுத்தினால் நாடி நின்றுபோகும். செத்தவனுக்குக் காற்று எதற்கு? நிறுத்தினேன். டப் சத்தம் நின்றது. அந்த அமைதி எவ்வளவு இனிமையாக இருந்தது!

"இன்னாசியின் இதயம் நின்றது. உயிர்மீட்பு தொடங்குகிறது. எல்லா ஆக்சிஜனும் அவருக்கு."

எல்லா ஆக்சிஜனும். நடைபாதைக் காற்றுக்குழாயில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. பம்பை மறுபடி ஓடவிட்டுப் பழைய பங்கையாவது வாங்கலாமென்று பார்த்தால், சிகிச்சை நடக்கும்போது வெளிச் சிக்னலை அறைக்குள் விடாதாம்.

எத்தனை நேரம் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம். அதற்குள் நாடியோ குரலோ இல்லையென்றால் மரணம் பதிவாகும். பிறகு முழு இருப்பும் உங்களுக்கு."

ஒரு மணி நேரம்தானே. டாங்க் என்ன வாய் திறந்து பேசவா போகிறது? இருக்கிற காற்றில் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எனக்குத் தாங்கும். பிழைத்துவிடுவேன்.

நாள் 36. மாலை 4:25

ஸ்பீக்கர்.

"கனியக்கா, இன்னாசி பேசுதேன். வண்டி கால்வாசி வழி தாண்டிட்டு. தைரியமா இருங்க."

எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. அவன் அறை ஸ்பீக்கரிலும். அந்த அறையில்தான் பட்டை இருக்கிறது.

"இன்னாசி பேசினார். குரல் உறுதி செய்யப்பட்டது. உயிருடன் இருக்கிறார். உயிர்மீட்பு தொடர்கிறது. ஒரு மணி நேரம் புதிதாகத் தொடங்குகிறது."

வெளிச் சிக்னல் கூடாதென்றாயே, இது மட்டும் எப்படி என்று கேட்டேன். அவசர ரேடியோவை எந்த நிலையிலும் அணைக்கக் கூடாதென்பது விதியாம்.

நாள் 36. மாலை 5:10

மறுபடி கூப்பிட்டான். மறுபடி ஒரு மணி நேரம்.

அவன் மேல் என்ன தப்பு? என்னிடமிருந்து சத்தமே இல்லை. அக்கா மனம் விட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறான். நான் இங்கே வாயைப் பொத்தடா என்று சுவரை அடிக்கிறேன். சுவர் எதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. அவன் அறை ஸ்பீக்கர் ஒயர் அவன் அறைச் சுவருக்குள் ஓடுகிறது. அந்த அறைக்குள் நுழைய முடிந்தால் ஒயரை எதற்குத் தொடப் போகிறேன்?

தலை இடிக்கிறது. கொட்டாவி மேல் கொட்டாவி. நடைபாதையில் காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது.

நாள் 36. மாலை 5:50

"அக்கா, நீங்க கேட்டுட்டுதான் இருக்கியன்னு எனக்குத் தெரியும். மொத நாளு நான் துளைக்குள்ள மாட்டிக்கிட்டப்போ நீங்கதான மூணு மணி நேரம் பேசிட்டே இருந்திய. அந்தக் குரல வச்சுத்தான் நான் வெளிய வந்தேன். இப்ப என் முறைக்கா."

இன்னாசி. தம்பி. நல்லவனே. தயவுசெய்து பேசாதே.

நாள் 36. மாலை 6:45

ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூப்பிடவில்லை.

கால் வலிக்கு மாத்திரை போட்டிருப்பான். தூங்கிப்போயிருப்பான். தூங்கு ராசா. நன்றாகத் தூங்கு. இன்னும் கொஞ்ச நேரம். நான் மூச்சைக்கூட சத்தமில்லாமல் விடுகிறேன், இங்கே சத்தம் போட்டால் அங்கே விழித்துவிடுவான் என்பது மாதிரி. பைத்தியம்.

காப்பாளர் சொல்கிறது: "இன்னாசியிடம் அசைவில்லை. மரணப் பதிவுக்கு நான்கு நிமிடம்."

எழுத்து தப்புகிறது. விரல் விறைத்துவிட்டது. திரை இரண்டாகத் தெரிகிறது. நான்கு நிமிடம் என்னால் முடியும்.

மூன்று.

இரண்டு. கடவுளே இர

ஸ்பீக்கர் கரகரக்கிறது

"அக்கா... மன்னிச்சிருங்கக்கா, கண்ணு அசந்துட்டு. இவ்வளவு நேரம் உங்கள தனியா விட்டுட்டேனே. இனிமே தூங்கவே மாட்டேன், சத்தியமா. வண்டி வந்து கதவத் தட்டுற வரைக்கும் நிறுத்தாம பேசிட்டே இருக்கேன்."

"இன்னாசி பதிலளித்தார். நிலை முன்னேறுகிறது. உயிர்மீட்பு தொடர்கிறது."

பேசுகிறான் இன்னும் பேசிக்கொண்டே இன்னாசி வேண்டா